வடசேரிக்கும் தென்சேரிக்கும் ஓடிய அமெரிக்கன்

1

சென்ற ஆகஸ்ட் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கிளப்பின் நுழைவுச்சீட்டு ஜன்னலில் இருந்த பெண் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, நீங்கள் இருவரும் பிரியப் போகிறீர்களா என்று கேட்டார். டென்மார்க்கில் இப்படியான கேள்வியை யாரும் இலகுவில் கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு குழந்தை அழுதால்கூட, அது யாருடைய பிள்ளை என்று விசாரிக்க இவர்களுக்கு மூன்று மாதம் எடுக்கும். அப்படிப்பட்டவர் கேட்டார் என்றால் எங்களில்தான் ஏதோ பிழை இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. கிளப் எங்களுக்கு அந்தப் பருவம் முழுவதற்கும் இலவசமாக இரண்டு இருக்கைகள் தந்திருந்தது. நடு அரங்கில், அடுத்தடுத்த கதிரைகள். மைதானத்திலேயே நல்ல இடம் அதுதான். நாங்கள் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, ஒன்றை வடக்குக் கோலுக்குப் பின்னாலும் மற்றதைத் தெற்குக் கோலுக்குப் பின்னாலும் மாற்றித் தரச் சொன்னோம். அங்கிருந்து மைதானம் சரியாகத் தெரியவில்லையா என்று கேட்டார். தெரிகிறது என்றோம். வெயில் கண்ணில் படுகிறதா என்றார். இந்த ஊரில் வெயில் எங்கே படுகிறது? கடைசியில் இவர், என் கணவர், முன்னுக்குப் போய், “நாங்கள் இருவரும் ஒரே பக்கம் இருக்க முடியாது” என்று சொன்னார். இவர் இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பேசிவரும் டேனிஷில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத வசனம் அது. அதனால்தான் அந்தப் பெண் பயந்துபோனார்.

மட்டக்களப்பு வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பகுதியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கொம்பு விளையாட்டு என்று ஒன்று உண்டு. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. ஒரு பக்கம் வடசேரி, அது கோவலனுடையது. மற்றது தென்சேரி, அது அம்மனுடையது. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளைகளும் அந்தச் சேரி. வென்றவர்கள் தோற்றவர்களை வாய்க்கு வந்தபடி வசை பாடுவார்கள். தோற்றவர்கள் கோபிக்கக் கூடாது, அதுதான் முறை. தங்கள் முறை வரும்வரை பொறுத்திருந்து திருப்பிப் பாட வேண்டும்.

நான் பெரியகல்லாறு, தென்சேரி. இவர் உன்னிச்சைப் பக்கம், வடசேரி. கல்யாணம் பேசும்போது சாதகம் பார்த்தார்கள், காணி பார்த்தார்கள், சேரி பார்க்க மறந்துபோனார்கள். கொம்பு முறித்ததை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு வைகாசியில்தான். இவர் தான் இரண்டு முறை பார்த்ததாகச் சொல்வார். ஆனால் இரண்டாவது எந்த வருடம் என்று அவரால் சொல்ல முடியாது, ஆகவே நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை. எப்படியிருந்தாலும் வசை மட்டும் எங்கள் வீட்டில் நிற்கவேயில்லை. கரம் பலகை ஆட்டமோ, தேர்தலோ, முதல் பனி எப்போது விழும் என்ற பந்தயமோ, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் இரண்டு சேரி உண்டு. அந்த மைதானத்தில் ஒரு முனையில் ‘வடக்கு’ என்றும் மறுமுனையில் ‘தெற்கு’ என்றும் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு நாங்கள் எப்படி நடுவில் உட்காருவது?

2

இலவச இருக்கைகள் வந்தது கேலெப்பால். இந்தக் குறிப்பை எழுதுவதும் அவனால்தான். அவன் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த ஜூலையோடு ஒரு வருடம்.

எங்கள் மகள் தர்ஷிகா வேலை கிடைத்துக் கொப்பன்ஹேகனுக்குப் போன பிறகு மேல்மாடி அறை சும்மா கிடந்தது. கிளப்புக்கு வெளிநாட்டிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரரை ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கவைப்பது இங்கே வழக்கம். தனியே விட்டால் பீட்சாவும் தொலைபேசியுமாக நாளைக் கழிப்பார்கள் என்ற பயம். இவர் முதியோர் இல்லக் குசினியில் சமையல்காரர். எந்த வயதினரையும் சாப்பிட வைத்துவிடுவார் என்று ஊருக்கே தெரியும். கிளப்பில் இந்த வேலையைப் பார்க்கும் இங்கெ என்ற அம்மா வந்து கேட்டார், நாங்களும் சரி என்றோம். தர்ஷிகாவுக்குத் தகவல் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் காலத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த பெரும்பாலான கடிதங்கள் அந்தக் கட்டைவிரல்தான்.

கேலெப் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மழையோடு. கன்சாஸ்காரன், வயது இருபத்துமூன்று, இடது பக்கக் கோட்டை ஒட்டி ஓடும் முன்வரிசை ஆட்டக்காரன். பந்தைக் காலில் வாங்கி, எதிரே நிற்பவனைக் கடந்து, கோலுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பதோ தானே அடிப்பதோ அவன் வேலை. வந்த முதல் வாரமே அவனுடைய முழு வரலாற்றையும் நாள், மாதத்தோடு கேட்டு வாங்கிவிட்டேன். பல்கலைக்கழக அணி, பிறகு சொந்த நாட்டில் ஒரு கிளப்பின் இரண்டாம் அணி, பிறகு பெல்ஜியத்தில் பரீட்சார்த்தமாக ஒரு கோடை காலம், அங்கே கணுக்கால் பிசகி மூன்று மாதம் சும்மா இருந்தது. அதன் பிறகு டென்மார்க்கின் இரண்டாம் பிரிவில் எங்கள் கிளப். அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவார்கள். ஆதலால் அவன் சொன்ன திகதிகளில் பாதியைத் திருப்பிக் கேட்டுத்தான் உறுதிப்படுத்தினேன். உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் தன்னிடம் இவ்வளவு கேட்டதில்லை என்றான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் ஒரே ஒரு வருடத்துக்குத்தான், ஜூன் மாத முடிவு வரை. கிளப் விரும்பினால் நீட்டலாம். நீட்டாவிட்டால் அவன் ஊருக்குப் போய்த் தகப்பனோடு கூரை போடும் தொழிலில் சேர்வான். கூரைகளில் தனக்கு ஒரு வெறுப்பும் இல்லை, நல்ல தொழில், ஆனால் ஏறினால் இறங்கமாட்டேன் என்று அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நுழைவுச்சீட்டு விவகாரம் நடந்து ஒரு வாரத்தில் இங்கெ ஒரு கேக்கோடு வந்தார். குசினியைப் பார்த்தார், மேல்மாடியைப் பார்த்தார், எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார். பிறகு கேலெப்பைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் கதைத்தார். வீட்டில் சத்தம் போடுகிறார்களா என்று கேட்டாராம். தினமும் போடுகிறார்கள் என்று இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். பிறகு என்ன நடக்கும் என்று கேட்டாராம். பிறகு சிரிப்பார்கள், பிறகு எனக்குச் சோறு போடுவார்கள் என்றானாம். இங்கெ இரண்டாவது துண்டு கேக்கையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

3

வதிவிட அனுமதிக்கு அவனோடு நான்தான் போனேன். இந்த நாட்டில் எனக்கு ஏதாவது ஒரு துறையில் புலமை உண்டென்றால் அது அலுவலகத்தில் இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருப்பதில்தான். எந்தக் கதிரை ஆடும், எந்த ஜன்னலில் இருப்பவர் மதியத்துக்கு முன் நல்ல மனநிலையில் இருப்பார், எல்லாம் தெரியும்.

அமெரிக்கக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியொரு வரிசையில் இருப்பது கேலெப்புக்கு அதுதான் முதல் முறை. கால் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. ஒரு தாளுக்காக மறுபடி வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும், ஒப்பந்தம் முடிகிற நாளோடு அனுமதியும் முடிகிறது, யாரோ இரண்டு பேர் ஒரு அறையில் இருந்து கதைத்து என் வாழ்க்கையை முடிவு செய்வார்கள், அந்த அறையில் நான் இருக்கமாட்டேன் என்றான்.

நான் வந்த காலத்தில் எங்களைக் கடற்கரையோரம் ஒரு பழைய ஹோட்டலில் வைத்திருந்தார்கள். தை மாதம். ஒவ்வொரு காலையும் தபால்காரனின் மஞ்சள் சைக்கிள் தெரிகிறதா என்று ஜன்னலில் ஐந்தாறு பேர் நிற்போம். எங்களைப் பற்றிக் கதைத்த அந்த அறை எந்த ஊரில் இருந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மட்டக்களப்பில் கச்சேரி எனப்படும் அரச அலுவலக வாசலில் நின்றபோது, உள்ளே இருப்பவர் யாருடைய மருமகன் என்றாவது தெரிந்திருந்தது. இதைக் கேலெப்பிடம் சொன்னேன். அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டான். சீட்டு விளையாடினோம், தோற்றவரைப் பரிகாசம் பண்ணினோம் என்றேன். அவன் சிரித்தான், ஆனால் நம்பவில்லை. நான் சொன்னது உண்மைதான். இவரை நான் முதன்முதலில் வசை பாடியது அந்த ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில்தான்.

4

எங்கள் கிளப் நாணயச் சுழற்சியில் வென்றால் முதற்பாதியில் வடக்குக் கோலை நோக்கியும் பிற்பாதியில் தெற்குக் கோலை நோக்கியும் தாக்கும். ஆகவே வீட்டில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். கேலெப் வடக்குக் கோலில் அடித்தால் அது வடசேரிக்கு, தெற்கில் அடித்தால் தென்சேரிக்கு. தோற்ற சேரி வசையைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவ வேண்டும்.

ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. இரண்டு சேரிக்கும் ஒன்றுமில்லை. அவன் நன்றாகத்தான் ஓடினான். பந்து கம்பத்தில் பட்டது, கோல் காவலாளியின் காலில் பட்டது, ஒருமுறை மத்தியஸ்தரின் முதுகிலும் பட்டது. ஊரில் எல்லோரும் அவனிடம் மரியாதையாகவே இருந்தார்கள். வெதுப்பகத்தில், நல்ல முயற்சி என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தோளில் தட்டி, மோசமில்லை என்பார். இந்த நாட்டில் மிகப் பெரிய பாராட்டும் அதுதான், மிகப் பெரிய ஆறுதலும் அதுதான். எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் நாங்களும் ஒருவரையொருவர் மட்டும் பரிகாசம் பண்ணினோம். விருந்தாளியைத் தொடவில்லை.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தெற்குக் கோலில், என் கண்ணுக்கு நேரே, இரண்டு பேரைக் கடந்து உள்ளே வந்து தாழ்வாக அடித்தான். வலை என் முகத்துக்கு முன்னால் அசைந்தது. வீட்டுக்கு வந்து இவர் சப்பாத்தைக் கழற்றும் முன்பே நான் தொடங்கிவிட்டேன்.

“வடக்குக் கோலுக்கு வலை எதுக்கு?
வட்டைக்குக் கொண்டுபோ, குருவி மறிக்க!”

இவர் தலையைக் குனிந்துகொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போனார். கேலெப் என்னவென்று கேட்டான். வட்டை என்றால் வயல்வெளி, அவருடைய ஊரில் அதுதான் இருக்கிறது, வடக்குக் கோலின் வலையைக் கழற்றிக் கொண்டுபோய் நெல்லுக்குக் குருவி வராமல் கட்டச் சொல்கிறேன் என்றேன். அவன் கதிரையிலிருந்து விழப் பார்த்தான்.

அன்று மைதானத்தில் உள்ளூர்த் தொலைக்காட்சிப் பெண் அவனிடம், முதல் கோல், சந்தோஷமா என்று டேனிஷில் கேட்டிருந்தார். டேனிஷை அவன் பெரும்பாலும் இவரோடு குசினியில் நின்று பழகியவன். யோசிக்காமல், எங்கள் ஊரில் ஆம் என்பதற்குச் சொல்லும் “ஓம்” என்றான். பிறகு இன்னும் அழுத்தமாக, “ஓம், ஓம்” என்றான். அந்த ஆள் தியானம் பண்ணுகிறானா என்று ஊரில் கொஞ்ச நாள் பேச்சு நடந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் தர்ஷிகா அழைத்தாள். கட்டைவிரல் இல்லை, குரல். அந்தக் காணொளியைக் கொப்பன்ஹேகனில் யாரோ காட்டியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வந்தவள் பிறகு கொஞ்சம் நிதானித்து, “அம்மா, நான் ஓம் எண்டு சொல்லி எவ்வளவு காலம் தெரியுமா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறாய்தானே என்றேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில், யார் பாத்திரம் கழுவுகிறது என்று கேட்க அழைக்கத் தொடங்கினாள்.

நவம்பரில் வடக்கில் ஒரு கோல் விழுந்தது. குளிர்கால ஓய்வுக்கு முன் ஆளுக்கு ஒன்று என்று நின்றது.

5

பெப்ரவரி முடிவில் ஆட்டங்கள் மறுபடி தொடங்கியபோது கேலெப் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் உட்கார்ந்திருந்தான். கடைசி இருபது நிமிடங்களுக்கு இறக்குவார்கள், சில நாள் அதுவும் இல்லை. தெற்கிலும் வடக்கிலும் இன்னும் ஒவ்வொரு கோல் அடித்தான், ஆனாலும் வாங்குதான். பயிற்றுநர் அவனை அறைக்குள் அழைத்துத் திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டினாராம், நீ ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓடுகிறாய் என்று. முன்வரிசைக்காரன் முன்னுக்குத்தானே ஓட வேண்டும் என்பது இவன் வாதம். சின்ன வயது முதல் எல்லோரும் இவன் தாக்குவதைப் பார்த்துத்தான் கை தட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் இவனுடைய முகவர் தொலைபேசியில், ஊர்ப் பக்கமும் ஏதாவது பார்த்து வைப்போம் என்றாராம். கிளப்பின் முடிவு கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு இவன் மேசையில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மீன்குழம்பைக்கூட இரண்டாம் முறை கேட்கவில்லை. இவர் அதைத்தான் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பயிற்றுநரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழகாகத் தாக்குகிற ஒருவனை உட்கார வைப்பது அநியாயம் என்றேன். இவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

“உனக்கென்ன புள்ள, உன்ட பக்கம் அவன் மாப்பிள்ளை மாதிரி வாறான். என்ட பக்கத்துக்கு வந்து பார். பந்து போயிற்றெண்டா இடுப்பில கைய வச்சுக்கொண்டு, கல்முனை பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி நிக்கிறான்.”

“அவன் கோலடிக்கிற ஆள். உங்கட பக்கம் அவனுக்கென்ன வேலை?”

“அவன் நிண்டுகொண்டிருக்க அவங்கள் என்ட தலைக்கு முன்னால வந்து அடிச்சிட்டுப் போறாங்கள். சோறு மட்டும் என்ட கையால வேணும், என்ன?”

கேலெப் தன் பெயர் வருவதைக் கேட்டு, என்ன சொல்கிறார் என்றான். நான் தயங்கினேன். எங்கள் வீட்டில் விருந்தாளி மீது வசை விழுந்ததில்லை. பிறந்ததிலிருந்து பாராட்டு மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதுவும் இந்த நிலையில். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்வது எனக்கு வராது. மாப்பிள்ளையையும் பஸ்ஸையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் கதிரையைத் திருப்பிப் போட்டான். பிறகு இவரைப் பார்த்து, நான் எப்படி நிற்கிறேன் என்று காட்டுங்கள் என்றான்.

இவர் ஏப்ரனோடு எழுந்து குசினியின் நடுவில் நின்றார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, தூரத்தில் ஏதோ வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. கையில் இல்லாத மணிக்கூட்டைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். கேலெப் முதலில் வாயைப் பொத்தினான், பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். வாரக்கணக்கில் அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டிருக்கவில்லை. இன்னொரு முறை காட்டச் சொன்னான். இவர் இன்னொரு முறை காட்டினார், இம்முறை பஸ் நிற்காமல் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவன், எந்த ஆட்டத்தில் என்று கேட்டான். நாள் நான் சொன்னேன், நடந்தது இவர் சொன்னார். மார்ச்சில் ஒரு ஆட்டம், பிற்பாதி. தெற்கில் இவன் பந்தை இழந்தான், நின்றான். இவனுடைய பக்கத்தால் எதிரணி போய் வடக்கில் கோல் போட்டது. அந்த ஆட்டத்தைப் பற்றி ஊரில் ஒரு நண்பருக்கு நான் எழுதியது எனக்கு நினைவு வந்தது. கேலெப் மிக நன்றாக விளையாடினான், ஆனாலும் தோற்றோம் என்று எழுதியிருந்தேன். நான் இருந்த இடத்திலிருந்து அது சரி. மறுமுனையில் நடப்பது எனக்குத் தெரிவதேயில்லை, நூறு மீட்டருக்கு மேல் தூரம், கண்ணாடியும் பழசு. திகதி சரியாக இருந்தால் வரலாறு சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். கணவனும் மனைவியும் இரண்டு முனையில் இருந்து வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தால்தான் ஒரு முழு ஆட்டம் கிடைக்கிறது.

வசைக்கு ஒரு முறை இருக்கிறது என்றும் அவனுக்குச் சொன்னோம். கோபிக்கக் கூடாது, திருப்பித் தரலாம். எப்போது தரலாம் என்று கேட்டான். “உன்ட நேரம் வாறபோது, மனே” என்றேன் தமிழிலேயே. அவனுக்கு விளங்கியது.

இதை வாசிப்பவர்கள், ஏதோ இவருடைய நடிப்பால் ஒருவன் ஆட்டக்காரனாகிவிட்டான் என்று எண்ண வேண்டாம். பயிற்றுநர் அதையே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், ஓடியது அவனுடைய கால்கள். இவர் மட்டும் வேறு கருத்து வைத்திருக்கிறார், அதை முதியோர் இல்லம் முழுவதற்கும் சொல்லியும் வைத்திருக்கிறார்.

6

மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, கடைசி உள்ளூர் ஆட்டம். தர்ஷிகா ரயிலில் வந்திருந்தாள். வாசலில் நான் அவளுடைய கையைப் பிடித்துத் தெற்குப் பக்கம் திரும்பினேன். அவள் நின்றாள்.

“நான் அப்பாட பக்கம், அம்மா. முறை அப்பிடித்தானே?”

அந்த முறையை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் சண்டைகளிலிருந்து பொறுக்கியிருக்கிறாள். அவள் வடக்கு நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு ஆள் குறைந்த தென்சேரியாக என் இடத்துக்குப் போனேன். இவ்வளவு சந்தோஷமாக நான் ஆள் இழந்ததில்லை.

கேலெப்பைப் பிற்பாதியில்தான் இறக்கினார்கள். அப்போது நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றோம். அவன் தெற்கு நோக்கி, என் பக்கமாகத் தாக்கினான். இரண்டு முறை உள்ளே வந்தான், இரண்டு முறையும் காவலாளி தடுத்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கோணர், மூலையிலிருந்து அடிக்கும் உதை. பந்து வெளியே தெறித்து இவன் காலுக்கு வந்தது. ஒருவனைக் கடந்தான், அடுத்தவனையும் கடக்கப் பார்த்தான், பந்து போய்விட்டது. என் கண்ணுக்கு முன்னால்தான் போனது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கோணருக்காக இந்த முனையில் நிற்கிறார்கள். எதிரணியில் ஒருவன் பந்தோடு வடக்கு நோக்கிப் பறக்கிறான், அங்கே எங்கள் காவலாளி மட்டும்.

நான் கேலெப்பைப் பார்த்தேன். கை இடுப்புக்குப் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. அவன் ஓடத் தொடங்கியிருந்தான்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஒரு முதுகு மட்டும்தான், சிறிதாகிக்கொண்டே போனது. மீதியை மறுமுனைச் சாட்சிகளிடமிருந்து எழுதுகிறேன். மகளும் தகப்பனும் தனித்தனியே சொன்னது ஒத்துப்போகிறது, ஆகவே ஏற்றுக்கொள்கிறேன். கோலுக்குச் சற்று முன்னால் அவன் எட்டிப் பிடித்தான். சறுக்கிக்கொண்டு போய், ஆளில் படாமல் பந்தை மட்டும் கோட்டுக்கு வெளியே தள்ளினான். புல்லோடு சேர்ந்து விளம்பரப் பலகையில் போய் மோதினான். வடக்கு அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அவன் எழுந்தான். சட்டை முழுவதும் பச்சை. அரங்கத்தில் யாரையோ தேடினான், இவரைக் கண்டுபிடித்தான். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, தூரத்தில் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். கையில் இல்லாத மணிக்கூட்டையும் பார்த்தானாம்.

அவ்வளவு பேருக்கு நடுவில் அது என்ன என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. இவருக்கு விளங்கியது. முறைப்படி திருப்பிக் கொடுத்திட்டான் என்று சொல்லிக்கொண்டே அழுதாராம். இதை மகள் சொன்னாள். இவர் மறுக்கிறார்.

ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது. சேரிக் கணக்கு ஆளுக்கு இரண்டு, கொம்பு முறியவில்லை. காப்பாற்றிய கோலும் அடித்த கோலுக்குச் சமம், ஆகவே வடசேரி வென்றது என்று இவர் வழக்காடுகிறார். அந்த ஓட்டம் தெற்கில்தான் தொடங்கியது என்பது என் வாதம். தர்ஷிகா நடுவராக இருந்து இரண்டு பேரையும் பாத்திரம் கழுவச் சொன்னாள்.

திங்கட்கிழமை கேலெப்பைக் கிளப்புக்கு அழைத்திருந்தார்கள். இவர் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் கதவு திறந்தது. அவன் சப்பாத்தைக் கழற்றினான், மேசையில் உட்கார்ந்தான், மீன்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினான். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, இத்தனை வருடத்தில் நாங்களும் கொஞ்சம் டேனிஷ்காரர்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம், “அன்ரி, அந்த அனுமதி அலுவலகத்தில் எந்த ஜன்னல் நல்லது என்று சொன்னீர்கள்? இன்னும் இரண்டு வருடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்” என்றான்.

இந்த வெள்ளிக்கிழமை புதிய பருவத்துக்கான இருக்கைகளை எடுக்க மூன்று பேருமாகப் போனோம். ஜன்னலில் அதே பெண். இம்முறை ஒரு கேள்வியும் இல்லாமல் வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றும் எடுத்து வைத்திருந்தார். மாதம் ஒருமுறை வரப்போகும் மகளுக்கும் ஒன்று வேண்டும் என்றேன். எந்தப் பக்கம் என்றார். முறையை மீற முடியாது, வடக்கு என்றேன். இவர் எனக்குக் கேட்கும்படியாகச் செருமினார். அந்தப் பெண்ணுக்கு இப்போது எங்கள் சேரிகள் பழகிவிட்டன. சிரித்துக்கொண்டே கேலெப்பைப் பார்த்து, நீ யாருடைய பக்கம் என்று கேட்டார்.

“ஓம்” என்றான் முதலில். யோசிக்க வேண்டியிருந்தால் அவன் அப்படித்தான் தொடங்குவான். பிறகு தன்னுடைய குசினி டேனிஷில் நிதானமாகச் சொன்னான்:

“எனக்கு இரண்டு பக்கமும் ஓடத்தான் சம்பளம்.”